அப்படின்னு வச்சுக்க

"என் கடையில சாப்பிட்ட ஒருத்தன்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல லா" என்று ஈப்போவில் சிலிபின் பக்கம் ரொட்டி சானாய்க் கடை வைத்திருந்த பாய் ஒருநாள் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள், தட்டில் மிச்சமிருந்த பருப்புக் குழம்பை ரொட்டியால் வழித்துக்கொண்டே கேட்டாள்.

"குறை உள்ளவங்க திரும்பி வரமாட்டாங்களே பாய். அப்புறம் எப்படி உங்ககிட்ட சொல்லுவாங்க?"

பாய் கையிலிருந்த மாவைத் தட்டுவதை நிறுத்தினார். "அண்ணே, யாருண்ணே இது?"

"தங்கச்சி மக."

"லாயருக்குப் படிக்க வைங்க. என் கடைக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

சொன்னாரே தவிர, கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மட்டும் கேட்காமலே ஒரு குவளை ஐஸ் தேநீர் வந்தது. அவளுக்கு அப்போது பதினொரு வயது.

அவளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். என் அத்தை மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஈப்போவுக்கு வடக்கே செமோருக்கு உள்ளே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பழைய தோட்டமொன்றின் ஓரத்தில் வீடு. அத்தை ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தாள். மாமா லாரி ஓட்டினார். அவளுடைய வெள்ளைக் காலுறைகளில் எப்போதும் ஒன்று குறையும். பொய் சொல்லத் தெரியாது. இந்தக் கடைசிக் குறிப்பை மட்டும் பின்னால் திருத்த வேண்டியிருக்கும்.

பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கூடத்தில் மெத்தையை விரித்து மின்விசிறிக்கு நேர்க்கீழே படுத்திருப்போம். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எலி நாயவிடப் பெருசு. நாய் யானையவிடப் பெருசு. மூணுல எது பெருசு?"

"யானை."

"அப்படின்னு வச்சுக்கடி. நெசமில்ல. வச்சுக்க."

"வச்சுக்க முடியாது. நான் தைப்பிங் ஜூவுல யானையப் பார்த்திருக்கேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கேலியில்லை. பல் முளைக்காத குழந்தை கரும்பைக் கடிக்கப் பார்த்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "சரி விடு. பன்னெண்டு வயசுக்கு மேல கேக்குறேன்" என்றாள்.

எனக்கு அப்போது வரிசைப்படுத்தத் தெரியும். பென்சில்களை நீளவாரியாக, வகுப்புப் பிள்ளைகளை உயரவாரியாக, திருப்பலிக்கு வரும் பாட்டிகளைப் புடவை நிறவாரியாக. கண் முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு அதன் வாலைப் பிடித்து நடக்க எனக்கு முடியாது. அவளுக்கும் அது புதிதாக வந்திருந்தது. புதுச் சைக்கிள் கிடைத்தவள்போல எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

"போன வருசம் வரைக்கும் சொன்னாக் கேக்கும்" என்று அத்தை அலுத்துக்கொள்வாள். "இப்ப எதச் சொன்னாலும் இல்லன்னா என்ன, இல்லன்னா என்னன்னு நிக்குது. மழ வரும் குடையெடுன்னா, வரலன்னாங்குது."

"வரலன்னா யாரு தூக்கிட்டு அலையறது?" என்பாள் அவள்.

அத்தைக்கும் ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் முதலில் திருப்பிக் கேட்பாள். "அம்மா, சீப்பு எங்க?" என்றால் "எந்தச் சீப்பு?" என்பாள், வீட்டில் ஒரே சீப்பு இருந்தாலும். "அம்மா, பசிக்குது" என்றால்கூட "யாருக்கு?" அம்மாவும் மகளும் பேசுவதைக் கேட்டால் இரண்டு பேரும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள், பதில் சொல்ல ஆளிருக்காது.

அந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் மின்சாரம் அடிக்கடி பட்டென்று போய்க்கொண்டிருந்தது. அப்பா சோற்றுக்குக்கர்தான் காரணம் என்றார். அம்மா, அப்பா வாங்கிய மலிவு இஸ்திரிப் பெட்டிதான் என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொன்றாகப் பிடுங்கிப் போட்டு, மறுபடி சொருகி, சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"மாமா, ரெண்டையும் ஒண்ணா மாத்துனா எதுன்னு எப்படித் தெரியும்? ஒண்ண மட்டும் எடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

வீட்டிலிருந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி, காத்திருந்து, திரும்ப மாட்டிப் பார்த்தாள். பிற்பகல் முழுக்க அம்மாவால் சமைக்க முடியவில்லை. கடைசியில் அவள் விரல் நீண்ட இடத்தைப் பார்த்து அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கூடத்துச் சுவரில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் எரியும் குட்டிச் சிவப்பு விளக்கு.

"அத ஏண்டி சந்தேகப்படுற! அது சாமி விளக்கு!"

"யாருமே சந்தேகப்படலல்ல மாமி. அதான் யாரும் பாக்கல."

அப்பா விளக்கைக் கழற்றினார். ஒயர் உள்ளே கருகியிருந்தது. அம்மாவுக்கு இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேச்சில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் எது பழுதானாலும், "அவ வரட்டும்" என்றுதான் அம்மா சொல்வார்.

அடுத்த முறை அவள் வந்தது விடுமுறைக்கு அல்ல.

அத்தை ஒரு காலையில் குளியலறையில் விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. ஈப்போ மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மாமா அந்த வராந்தாவிலேயே குடியிருந்தார். அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தினமும் அவளை செமோரில் அவள் பள்ளிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

எங்கள் குடும்பங்களில் தேர்வு வந்துவிட்டால் சாவுகூட வாசலில் நின்று காத்திருக்க வேண்டும். கல்யாணப் பேச்சு, வீட்டுச் சண்டை, நோய் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "பரீட்சை முடியட்டும்." படிக்கிற பிள்ளையின் காதில் கெட்ட செய்தி விழக்கூடாது. யாரும் இதைக் கூடிப்பேசி முடிவெடுப்பதில்லை. தோட்டத்திலிருந்து பிள்ளைகளைக் கரையேற்ற எங்களுக்குத் தெரிந்த ஒரே தோணி அதுதான். அது ஆடக்கூடாது. அதனால் அத்தை கண்ணே திறக்கவில்லை என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

அம்மா ஒவ்வொரு மாலையும் மருத்துவமனையிலிருந்து வருவார். கைப்பையை வைப்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிடுவார். "உங்கம்மா இன்னைக்குக் கஞ்சி குடிச்சா. ஒன்னயத்தான் கேட்டா. நல்லாப் படிக்கச் சொன்னா."

"நான் போய்ப் பாக்கலாமா மாமி?"

"பன்னெண்டு வயசு ஆகாத பிள்ளைங்கள உள்ள விடமாட்டாங்கம்மா. போர்டுல போட்டிருக்கு."

அவளுக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் பிறந்தநாள். "போன்ல பேசலாமா?" அங்கே போன் கூடாது. "எப்ப வருவாங்க?" பரீட்சை முடியட்டும்.

அவள் வாதாடவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு மாலை அம்மாவிடம், "மாமி, என் இன்னொரு வெள்ளைக் காலுறை எங்கன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க" என்றாள். மறுநாள் அம்மா, "துணிக் கூடையில பாக்கச் சொன்னா" என்றார். கூடையில் காலுறை இல்லை.

அன்று மாலை கணக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தவள், பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த என்னிடம் மெல்லச் சொன்னாள். "அம்மா மறந்திருக்கலாம். இல்லன்னா அம்மா சரியாச் சொல்லி, காலுறை வேற எங்கயாச்சும் போயிருக்கலாம். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"ஒண்ணுமில்ல. நீ வரை."

அடுத்த நாள் காலை, அம்மா புறப்படும்போது வேறொன்று கேட்டாள். "மாமி, என்னோட ஊதாப் பென்சில் பெட்டி எங்கன்னு கேளுங்க. மறக்காம கேளுங்க மாமி. பரீட்சைக்கு அதுதான் வேணும்."

மாலையில் அம்மா சிரித்த முகத்தோடு வந்தார். "அலமாரிக்கு மேல வச்சிருக்காளாம். அம்மாவே சொன்னா."

"சரி மாமி" என்றாள்.

பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். சீவிய பென்சிலையே மறுபடி சீவினாள். அது விரல் நீளத்துக்குக் குட்டையாகிப்போனது. கையெல்லாம் கரி.

அந்த வாரக் கடைசியில் அவளுக்குத் துணி எடுக்க அப்பா செமோர் வீட்டுக்குப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். அந்தப் பெட்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் அவளிடம் நான் பார்க்காதவை எத்தனையோ இருந்தன. நாற்காலி போட்டு ஏறினேன். அலமாரிக்கு மேலே கிறிஸ்துமஸ் மரத்தின் அட்டைப்பெட்டி, பிஸ்கட் டின், காய்ந்துபோன பல்லி. அதற்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். அப்பா கார் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து, "பெட்டி இல்லக்கா" என்றேன்.

"தேடுனியா?"

"நல்லாத் தேடுனேன்."

என் முடியில் ஒட்டியிருந்த ஒட்டடையை ஒவ்வொரு இழையாக எடுத்தாள். எடுத்து முடித்த பிறகும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள், பள்ளியிலிருந்து திரும்பும்போது காரில் ஒருமுறை மட்டும் முயன்றாள். நான் பின்னிருக்கையில் இருந்தேன்.

"மாமா, ஒண்ணு வச்சுக்கங்க. நான் அம்மாவப் பாத்துட்டு வந்து பரீட்சை சரியா எழுதலன்னு வச்சுக்கங்க. அடுத்து எப்பயாச்சும் நல்லா எழுதிக்கலாம். பாக்காமயே எழுதி..."

அவள் முடிக்கவில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊரின் மறுகோடியிலுள்ள குனோங் ராபாட்டுக்குப் போகிற சாலையைத் தவறவிட்டவர்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை.

"மாமாவால அதுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாதும்மா. நீ எழுது. முடியட்டும்."

"சரி மாமா."

எழுதினாள். எல்லாத் தாளையும் எழுதினாள். கடைசித் தாள் முடிந்ததும் அப்பா பள்ளி வாசலிலிருந்தே அவளை நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அத்தை இன்னும் இயந்திரத்தில்தான் இருந்தாள். டாக்டர்கள் அன்று காலையிலேயே எல்லாரையும் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. எனக்கு வயதில்லை. அம்மா பிறகு பலமுறை சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வாசலில் காவலர் மலாயில் அவளிடம் வயது கேட்டார். போர்டு அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்து, "டுவா பெலாஸ்" என்றாள். பன்னிரண்டு. அவர் பள்ளிச் சீருடையைப் பார்த்தார், பின்னால் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார்.

அவள் அழவில்லை என்று அம்மா சொல்வார். குழாய்களைப் பார்த்து மிரளவுமில்லை. கட்டிலோரம் போய், அத்தையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"அம்மா, என்னோட ஊதாப் பெட்டி எங்கம்மா வச்ச?"

கேட்டுவிட்டு அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம். அம்மாவால் தாங்க முடியவில்லை. "அலமாரி மேலதான்டா இருக்கு கண்ணு. மாமி எடுத்துத் தர்றேன்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அவள் அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, மறுபடி குனிந்து காத்திருந்தாள்.

மறுநாள் அத்தை இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அம்மா ஒரு பையோடு வந்தார். உள்ளே ஊதா நிறப் பென்சில் பெட்டி. "உங்க வீட்டு அலமாரி மேலயே இருந்துச்சும்மா. இவளுக்குச் சரியாத் தேடத் தெரியல" என்று என்னைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. நான் நன்றாகத்தான் தேடினேன்.

அவள் பெட்டியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமா மாமி. இதான்."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அவர் போன பிறகு அவள் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினாள். கோந்துப் பிசுக்குப் போகும்வரை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அழுக்கைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

தேர்வு முடிவுகள் வந்தன. எல்லாப் பாடத்திலும் ஏ. மாமா அந்தத் தாளை யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். ஆண்டு முடியுமுன் ஜொகூரில் வேலை தேடிக்கொண்டு அவளையும் கூட்டிப்போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் 'வச்சுக்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தொலைபேசியில் பேசினால் சாப்பாடு, பள்ளி, மழை. மழை வரும் என்றால் குடை எடுத்துப்போவதாகச் சொன்னாள்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு பிற்பகல், அறிவியல் பாடத்துக்காக ஜன்னலோரம் மூன்று கோப்பைகளில் பச்சைப்பயறு முளைக்கப் போட்டிருந்தேன். ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் இல்லை. அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு, எதையோ நினைத்து, அந்தக் கதையை மறுபடி சொன்னார். "அந்த நேரத்துலயும் பெட்டியத்தான் கேட்டுச்சு பாவம். பிள்ளைங்கதானே."

"அம்மா, அத்தை அங்க பேசுனாங்களா?"

"எங்க பேசுனா? விழுந்ததுலேருந்து கண்ணே தெறக்கலயே."

"அப்ப அலமாரி மேலன்னு?"

"நானாச் சொன்னதுதான். பிள்ள பரீட்சை எழுதணுமே."

கோப்பை கையிலிருந்தது. ஒவ்வொன்றாக வந்தது. அத்தை பேசியிருந்தால் அலமாரி என்று சொல்லியிருக்கமாட்டாள். "எந்தப் பெட்டி?" என்றுதான் கேட்டிருப்பாள். ஏனென்றால் அப்படியொரு பெட்டியே கிடையாது. நான் தேடியும் கிடைக்காதது அதனால்தான்; பிறகு விலைச் சீட்டோடு வந்தது அம்மா கடையில் வாங்கியது. இருக்கிற பொருளைக் கேட்டால் யார் மறந்தது என்று தெரியாது. இல்லாத பொருளைக் கேட்டால் ஒரே ஒரு பதில்தான் சரி. அந்தப் பதில் வரவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்த அந்த மாலையிலேயே அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அத்தனை தாளையும் எழுதினாள்.

பிறகு ஏன் அத்தையின் காதில் மறுபடி கேட்டாள் என்பதும் அப்போதே புரிந்தது. இல்லன்னா? எங்கோ தப்பு நடந்திருந்தால்? "எந்தப் பெட்டி?" என்ற இரண்டே சொல்லுக்காக அங்கே குனிந்து நின்றாள்.

நான் இப்போது மென்பொருள்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எது தப்பாகப் போகலாம் என்று முன்கூட்டியே யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம். அந்தப் பெட்டியைப்போல ஒரு சோதனையை நான் இதுவரை எழுதியதில்லை. எழுத வேண்டிய நிலை எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது.

எனக்குப் பதின்மூன்று வயதான அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் ஜொகூரிலிருந்து வந்தாள். உயரமாகியிருந்தாள். நான் அவளிடம் சொல்லக் காத்திருந்தேன். எனக்கும் புரிந்துவிட்டது, நீ தனியாக இல்லை என்று. சமையலறையில் அம்மா, அவள், நான் மூவரும் கோழிக் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். முடியைக் கட்டுவதற்காக அவள் கைப்பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தாள். ஊதாப் பெட்டி. உள்ளே கொண்டை ஊசிகள்.

அம்மா பார்த்துவிட்டார். "இன்னும் வச்சிருக்கியா இத! உங்கம்மா அன்னைக்கே சொன்னாளே, அலமாரி மேலன்னு. அவ ஞாபகம் அப்படி."

என்னிடம் உண்மையைச் சொன்ன அம்மா, அவளிடம் மட்டும் அந்தப் பொய்யை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமி. சொன்னாங்க" என்றாள்.

"அக்கா, அந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் இருந்ததே.

"ஏய்," என்றாள், "எலி நாயவிடப் பெருசு. நாய் யானையவிடப் பெருசு. மூணுல எது பெருசு?"

"இன்னும் அதையே கேட்டுக்கிட்டு இருக்கியா நீ?" என்று அம்மா சிரித்தார். அத்தை போன பிறகு அந்தச் சமையலறையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு இப்போது பதில் தெரியும், எலி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"யானை" என்றேன்.

"அப்படிச் சொல்லு!" என்றார் அம்மா.